வயசானவங்களுக்குக் கண் ஆபரேஷன்: புரைக்குத் தேதி வாங்கும் முன் நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்

எங்கள் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, 74 வயது. காங்கயத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் அம்மிச்சியோடு இருக்கிறார். சர்க்கரை வந்து 18 வருஷம் ஆகிறது. போன வருஷம் வலது கண்ணில் புரை எடுத்தோம். கட்டு அவிழ்த்த நாலாம் நாள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, "வெளிச்சமெல்லாம் பளிச்சுன்னு வருது கண்ணு, உன்ற மூஞ்சிதான் தெரியமாட்டீங்குது" என்றார். ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டோம், கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார்கள். 6 வாரம் காத்திருந்து கண்ணாடியும் போட்டாயிற்று, அப்போதும் முகம் தெரியவில்லை. அப்புறம்தான் கோவைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தோம். விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கிக் கிடந்தது. சர்க்கரையால் வந்தது. புரை எடுப்பதற்கு முன்பே யாராவது அங்கே எட்டிப் பார்த்திருந்தால் வைத்தியமே வேறு வரிசையில் நடந்திருக்கும்.

அதற்குள் இடது கண்ணிலும் ரத்தக்கசிவு வந்து, பெரிய ஆபரேஷன்வரை போய்த் திரும்பினோம். இந்த 11 மாசம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் சொல்வதுதான். என்ன கேட்கவேண்டும், எதை எடுத்துப் போகவேண்டும், பணமும் நாளும் எங்கே வீணாகும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணின் முன்பக்கம் இருப்பது லென்ஸ், அது மங்கினால் புரை. பின்சுவரில் ஒட்டியிருப்பது விழித்திரை, படம் விழுவது அதில்தான். முன்னால் இருக்கிற அழுக்குக் கண்ணாடியை மாற்றிவிட்டோம் என்பதற்காகப் பின்னால் கிழிந்த திரையில் படம் நன்றாகத் தெரியாது. ஆஸ்பத்திரியில் பேசும்போது விழித்திரையைக் 'கண் நரம்பு' என்று சொல்வார்கள். கண் அழுத்தத்தால் கெடுகிற பார்வை நரம்பையும் சில பேர் 'நரம்பு' என்றுதான் சொல்கிறார்கள். "நரம்பு வீக்காக இருக்கிறது" என்று யாராவது சொன்னால், விழித்திரையா, பார்வை நரம்பா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

1. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்

வயசானவர்கள் "கண்ணு மங்கலுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்பிச்சி சொம்பிலிருந்து டீயை ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே ஊற்ற ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, அம்மிச்சி அதைக் கை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு கண் நன்றாக இருந்தால் இன்னொரு கண் கெட்டுப்போவது வெளியே தெரியாது. அதனால் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, எதிரே இருக்கிற ஜன்னல் கம்பியையும் தினசரிக் காலண்டர் எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்.

எல்லாமே பனி மூடினாற்போல மங்கலாக இருந்து, ராத்திரியில் எதிரே வரும் வண்டி வெளிச்சம் சிதறி, வலி எதுவும் இல்லாமல், மாசக்கணக்கில் மெதுவாக வந்திருந்தால் பெரும்பாலும் புரை. இதற்கு அவசரம் இல்லை, ஆனால் "முத்தட்டும்" என்று காத்திருக்கவும் வேண்டாம். அது பழைய காலத்துப் பேச்சு. முற்றிய புரையை எடுப்பது கடினம், சில சமயம் கண் அழுத்தம் ஏறி வலியோடு ஓடவேண்டி வரும். பின்னால் இருக்கிற விழித்திரையும் டாக்டருக்குத் தெரியாமல் போகும்.

ஜன்னல் கம்பி நெளிந்து தெரிகிறது, நடுவில் மட்டும் கறுப்பாக இருக்கிறது, ஓரம் தெரிகிறது ஆனால் முகம் தெரியவில்லை என்றால் விழித்திரையின் நடுப்பகுதியில் பிரச்சினை இருக்கலாம். ஒரு வாரத்துக்குள் காட்டிவிடுங்கள்.

திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கொசுக்கூட்டம் பறப்பதுபோல் கறுப்புப் புள்ளிகள் கொட்டுவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது, இந்த மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். விழித்திரை கிழிந்தோ பிரிந்தோ இருக்கலாம், நடுப்பகுதி பிரிவதற்குள் போனால் பார்வையைக் காப்பாற்றுகிற வாய்ப்பு அதிகம். வலிக்காது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. "பூச்சாட்டியாச்சு, நோம்பி முடியட்டும்" என்று ஊர்த் திருவிழாவுக்காக ஒரு வாரம் தள்ளிப்போட்டவர்களை நான் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே பார்த்தேன்.

எந்தப் புரையும் சொட்டு மருந்தில் கரையாது. நந்தியாவட்டைச் சாறு, தேன், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடாதீர்கள், கிருமி தொற்றினால் ஆபரேஷனே தள்ளிப்போகும்.

2. எங்கே போவது

புரை மட்டும்தான் என்றால் நம் பகுதியில் வழி நிறைய இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இலவசமாக எடுத்து லென்ஸ் வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் நடக்கிற கண் முகாமில் தேர்வானால் வண்டியில் கூட்டிப்போய், ஆபரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். முகாமைக் குறைவாக நினைக்காதீர்கள், நல்ல இடம் நடத்தினால் நல்ல வேலைதான் நடக்கிறது.

சர்க்கரை இருக்கிறது, 10 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அல்லது மேலே சொன்ன நெளிவு, கறுப்பு ஏதாவது இருக்கிறது என்றால் மட்டும் நேராக விழித்திரைக்குத் தனிப் பிரிவு இருக்கிற இடத்துக்குப் போய்விடுங்கள். கோவையில் அவிநாசி சாலை அரவிந்த், சிவானந்தபுரம் சங்கரா இரண்டிலும் கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் உண்டு. லோட்டஸ், ஐ ஃபவுண்டேஷன் மாதிரித் தனியார் இடங்களும் இருக்கின்றன. நாமக்கல், சங்ககிரி, ராசிபுரம் பக்கத்துக்காரர்களுக்குச் சேலம் அரவிந்த் கிட்டம். எங்கே போனாலும் வரவேற்பில் ஒரே கேள்வி கேளுங்கள்: "விழித்திரை டாக்டர் இங்கே தினமும் இருக்கிறாரா, குறிப்பிட்ட நாள்தான் வருவாரா?" வாரத்துக்கு ஒருநாள் வருகிறவர் என்றால், ஆபரேஷனுக்குப் பிறகு ராத்திரியில் ஏதாவது ஆனால் யாரைப் பார்ப்பது என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

3. கையில் இருக்கவேண்டிய காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி இவற்றைப் போட்டுவிடுங்கள்: ஆதார் அசலும் 2 நகலும், குடும்ப அட்டை நகல், காப்பீட்டு அட்டை, கடைசி 3 மாசத்துச் சர்க்கரை ரிப்போர்ட், இருதயம் அல்லது சிறுநீரகத்துக்குப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு, பழைய கண்ணாடி. ஏற்கனவே ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியும், லென்ஸ் பவர் அச்சடித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் அட்டையும். நாங்கள் அந்த அட்டையைத் தொலைத்துவிட்டோம், இரண்டாவது இடத்தில் வலது கண்ணில் என்ன லென்ஸ் இருக்கிறது என்று கேட்டபோது பதில் இல்லை.

சாப்பிடுகிற மாத்திரைகளைப் பெயர் எழுதிக்கொண்டு போகாதீர்கள், அட்டையோடு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இரண்டு மாத்திரைகளைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். ஒன்று ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை, இன்னொன்று ஆண்களுக்கு ஒன்றுக்குப் போகச் சிரமம் என்று கொடுக்கிற டாம்சுலோசின். இந்த டாம்சுலோசின் கண்ணின் கருவிழித் திரையைத் தொளதொளப்பாக்கிவிடும், முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அதற்கேற்ற ஏற்பாட்டோடு கத்தி எடுப்பார். நிறுத்தினாலும் அதன் விளைவு உடனே போகாது, ஆகையால் நீங்களாக நிறுத்தாமல் சொல்லிவிடுங்கள். அப்பிச்சி 4 வருஷமாக அதைச் சாப்பிடுகிறார், அது கண்ணுக்குச் சம்பந்தப்பட்டது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

4. முதல் நாள் முழு நாள்

வெடியால 7 மணிக்கு ஓ.பி. சீட்டு போடுகிற இடத்தில் நில்லுங்கள். பார்வை, கண் அழுத்தம் பார்த்தபிறகு கண் விரிவதற்குச் சொட்டு மருந்து விடுவார்கள். விரிய முக்கால் மணி நேரமாவது ஆகும், விரிந்தபின் 4, 5 மணி நேரம் கண் கூசும், கிட்டத்து எழுத்து தெரியாது. அதனால் அவர் தனியாக வரக்கூடாது, டூவீலரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவருவதும் வேண்டாம், பஸ்ஸில் வந்துபோங்கள். சர்க்கரைக்காரர் என்றால் பையில் பிஸ்கட், மதியச் சாப்பாடு, மதிய மாத்திரை இருக்கட்டும். டாக்டரைப் பார்க்கிறபோது மணி மூன்றாகிவிட்டது எங்களுக்கு.

கையில் ஊசியால் சாயம் ஏற்றி விழித்திரையைப் படம் எடுக்கச் சொல்லலாம். சிறுநீரகக் கோளாறு, அலர்ஜி இருந்தால் ஊசிக்கு முன்னாலேயே சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒருநாள் மூத்திரம் அடர்ந்த மஞ்சளாகப் போகும், சாயம் வெளியேறுவதுதான். இதை யாரும் சொல்லாததால் அப்பிச்சி ராத்திரி 11 மணிக்கு மஞ்சக்காமாலை வந்துவிட்டது என்று அம்மாவுக்குப் போன் செய்துவிட்டார்.

5. புரைக்குத் தேதி வாங்கும் முன் கேட்கவேண்டியவை

இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். டாக்டர் "புரை இருக்கு, எடுத்துடலாம்" என்றதும் நாம் ஆபரேஷன் செலவை விளக்குகிற ஆஸ்பத்திரி கவுன்சிலர் மேஜைக்கு எழுந்து போய்விடுகிறோம், அங்கே லென்ஸ் விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எழுந்திருக்காதீர்கள். உட்கார்ந்தபடியே கேளுங்கள்.

"விழித்திரையைப் பார்த்தீங்களா டாக்டர், சர்க்கரையால ஏதாவது இருக்குதுங்களா?" பார்க்க முடிந்தால் ஓ.சி.டி. என்ற ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். தாடையை ஒரு தாங்கியில் வைத்து ஒரு வெளிச்சத்தைப் பார்த்தால் போதும், தொடவே மாட்டார்கள், 5 நிமிஷம். விழித்திரையின் குறுக்குவெட்டு அடுக்கடுக்காகத் தெரியும், நீர் கோத்திருந்தால் நடுவில் மேடு தட்டியிருப்பது நமக்கே தெரிகிறது. எங்களுக்கு அது 1,500 ரூபாய் ஆனது. அந்த 1,500 ரூபாயை முதலிலேயே செலவழித்திருக்கவேண்டும்.

புரை முற்றி உள்ளே தெரியவில்லை என்றால் பி ஸ்கேன் என்று ஒன்று உண்டு. வயிற்றுக்கு எடுக்கிற ஸ்கேன் போலத்தான், இமை மேல் பசை தடவி எடுப்பார்கள். விழித்திரை பிரிந்திருக்கிறதா, உள்ளே ரத்தம் இருக்கிறதா என்று அதில் தெரியும், நுணுக்கமான வீக்கம் தெரியாது. அப்படியானால் புரை எடுத்த சில நாளிலேயே ஓ.சி.டி. எடுக்க இப்போதே தேதி குறித்துக் கொடுங்கள் என்று கேளுங்கள்.

"விழித்திரையில பிரச்சினை இருந்தா எதை முதல்ல செய்வீங்க?" வீக்கம் இருக்கிற சர்க்கரைக் கண்ணில் புரையை மட்டும் எடுத்தால் வீக்கம் அதிகமாக வாய்ப்பு உண்டு. அதனால் முதலில் ஊசியோ லேசரோ, பிறகு புரை என்பார்கள். சில பேருக்குப் புரையும் விழித்திரை ஆபரேஷனும் ஒரே நேரத்தில் செய்வார்கள்.

கடைசியாக, "எல்லாம் நல்லபடியா நடந்தா எவ்வளவு பார்வை வரும்?" இதற்கு நேரான பதில் வாங்கிக்கொள்ளுங்கள். படிக்க முடியுமா, ஆள் அடையாளம் தெரியுமா, வீட்டுக்குள் நடக்கிற அளவுக்குத்தானா? இடது கண்ணுக்கு டாக்டர் எங்களிடம், "நடமாட முடியும்ங்க, பேப்பர் படிக்க முடியும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அப்பிச்சி கேட்டுக்கொண்டு, "வரப்புல விழாம நடந்தா போதுமுங்க" என்று கையெழுத்துப் போட்டார். முன்னமே தெரிந்திருந்ததால் கட்டு அவிழ்த்த அன்று யாரும் அழவில்லை.

6. லென்ஸும் பணமும்

கவுன்சிலர் ஒரு அட்டை காட்டுவார். நாங்கள் கேட்டபோது இந்திய மடக்கு லென்ஸோடு ஃபேக்கோ முறையில் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) 18,000 முதல் 25,000 ரூபாய், வெளிநாட்டு லென்ஸ் என்றால் 30,000 முதல் 45,000, தூரம் கிட்டம் இரண்டும் தெரிகிற மல்டிஃபோகல் 60,000க்கு மேல் என்றார்கள். இடத்துக்கு இடம் மாறும். அதில் கண் அளவெடுப்பது, ரத்தப் பரிசோதனை, சொட்டு மருந்து, அடுத்த 3 தடவை வருகிற பரிசோதனை எல்லாம் சேருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

விழித்திரையில் கோளாறு இருக்கிறவர்களுக்கு மல்டிஃபோகல் வேண்டாம். அது வெளிச்சத்தைப் பங்கு போட்டுத்தான் இரண்டு தூரத்தையும் காட்டுகிறது, பின்னால் இருக்கிற திரை பலவீனமாக இருந்தால் உள்ள தெளிவும் குறைந்துபோகும். ஒற்றைத் தூரத்து லென்ஸ் போதும், படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். விலை கூடினால் பார்வை கூடும் என்று நினைத்து நகையை அடகு வைக்கப் பார்த்தார் மாமா, இதை டாக்டரே சொல்லி நிறுத்தினார். கண்ணின் வளைவில் கோணல் அதிகம் இருந்து அதற்கான டோரிக் லென்ஸ் சொன்னால் மட்டும் யோசிக்கலாம்.

இன்னொன்று. ஃபேக்கோவை ஊரில் எல்லோரும் 'லேசர் ஆபரேஷன்' என்கிறார்கள். அது ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சுவது. லேசரில் செய்வது வேறு, கட்டணமும் வேறு. எந்த முறைக்குப் பணம் கட்டுகிறோம் என்று பார்த்துக் கட்டுங்கள்.

7. காப்பீடு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை உண்டு. அட்டை இல்லை என்றால் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு இன்றைக்கே போடுங்கள், பிறகு குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிற காப்பீட்டு மையத்தில் படம் எடுத்துப் பதியவேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993, கட்டணமில்லா எண்.

சிக்கல் எங்கே வரும் என்றால், பெரியவர் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா என்பதில். பல வீட்டில் பையன் தனிக்குடித்தனம் போய் அட்டை பிரித்தபோது பெரியவர்கள் பெயர் எந்த அட்டையிலும் சரியாக இருக்காது. ஆதாரில் ஒரு எழுத்து, அட்டையில் ஒரு எழுத்து. அப்பிச்சி பெயரில் ஒரு 'ன்' குறைந்ததற்கு நான் 9 நாள் அலைந்தேன். இரண்டாவது, அட்டை இருந்தால் போதாது, அந்த ஆஸ்பத்திரியும் அந்தக் குறிப்பிட்ட சிகிச்சையும் திட்டத்தில் இருக்கவேண்டும், ஆபரேஷனுக்கு முன்பே ஒப்புதல் வந்திருக்கவேண்டும். பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க முடியாது. ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேஜையில் சிகிச்சையின் பெயரைச் சொல்லி, "இதுக்கு ஒப்புதல் வருமா, எத்தனை நாளாகும்" என்று கேட்டபிறகே தேதி வாங்குங்கள்.

தனியார் பாலிசியில் புரைக்குப் பொதுவாக 2 வருஷம் காத்திருப்புக் காலம் இருக்கும், ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பும் இருக்கும். விலை உயர்ந்த லென்ஸின் மீதித் தொகை நம் கையிலிருந்துதான். கண்ணுக்குள் போடுகிற ஊசியை 2019 விதிமுறையில் நவீன சிகிச்சைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், அதனால் "ஒருநாள்கூடத் தங்கவில்லையே" என்று யாராவது மறுத்தால் பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பகுதியைத் திறந்து காட்டுங்கள். அதற்கும் உச்சவரம்பு இருக்கலாம். பாலிசி எடுக்கும்போது சர்க்கரையை மறைத்திருந்தால் இங்கேதான் மாட்டும்.

8. ஆபரேஷனுக்கு முந்தின வாரம்

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறியிருந்தால் அன்று காலையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எங்களை ஒருதடவை அனுப்பினார்கள். முந்தின வாரம் முழுக்க இட்லிக்கடை, விசேஷச் சாப்பாடு வேண்டாம். ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை இருதய டாக்டரும் கண் டாக்டரும் சொல்லட்டும். காலில் புண், பல்லில் சீழ், கண்ணில் பீளை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். முந்தின நாள் தலைக்குக் குளித்துவிடட்டும், அப்புறம் சில வாரத்துக்குத் தலைக்கு ஊற்ற முடியாது. "வெயில் காலத்துல வேண்டாம், ஆடியில வேண்டாம்" என்பதற்கெல்லாம் மருத்துவக் காரணம் இல்லை.

புரைக்கு 15, 20 நிமிஷம்தான். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். எந்தக் கண் என்று நெற்றியில் குறி வைத்திருக்கிறார்களா என்று உள்ளே போகும் முன் பாருங்கள்.

9. விழித்திரைக்கு ஊசி, பெரிய ஆபரேஷன்

ஊசி என்றதும் பெரியவர்கள் பயந்துவிடுவார்கள். மரக்க மருந்து விட்டுக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் போடுவார்கள், சில நொடிதான், அப்பிச்சி "எறும்பு கடிச்சாப்புல இருந்துச்சு" என்றார். ஒரு ஊசியோடு முடியாது. மாசம் ஒன்றாக முதலில் சில ஊசி, பிறகு ஸ்கேன் பார்த்துத் தொடர்வது. முதல் ஊசியில் பார்வை வரவில்லை என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஊசி மருந்துகளில் பெவாசிசுமாப் மலிவு, புற்றுநோய் மருந்தைக் கண்ணுக்கேற்ற அளவில் பிரித்துக் கொடுப்பது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் பிரிக்கிற இடம் சுத்தமாக இருக்கவேண்டும். எங்களுக்கு ஒன்று 6,000 ஆனது. ரானிபிசுமாப், அஃப்லிபெர்செப்ட் அதைவிட விலை கூடுதல். எது, ஏன், மொத்தம் எத்தனை என்று முதலிலேயே கேட்டு மாசச் செலவைத் திட்டமிடுங்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் கட்டாயம் சொல்லவேண்டும்.

விட்ரெக்டமி என்பது கண்ணுக்குள் இருக்கிற கூழையும் ரத்தத்தையும் எடுத்து விழித்திரையைச் சரிசெய்வது. ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகும். முடிவில் விழித்திரை ஒட்டி நிற்க உள்ளே வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்பலாம். எதை நிரப்பினார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள், இரண்டுக்கும் விதி வேறு.

வாயு என்றால் அது கரைகிறவரை விமானமும் மலையும் கூடாது. உயரம் ஏற ஏற வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறி, இருக்கிற பார்வையும் போய்விடும். வாயுவின் வகையைப் பொறுத்து 2 வாரத்திலிருந்து 2 மாசம்வரை. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்குக் கோத்தகிரி. ஆபரேஷன் முடிந்தபிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது, வீட்டுக்குப் போகமுடியாமல் மேட்டுப்பாளையத்தில் சம்பந்தி வீட்டில் தங்கவேண்டியதாயிற்று. ஊட்டி, குன்னூர், வால்பாறை, தாளவாடி ஆட்களாக இருந்தால் தேதி வாங்கும்போதே எங்கள் ஊர் மலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், கீழே தங்க இடமும் பார்த்துவையுங்கள். வாயு இருக்கிறபோது வேறு ஆபரேஷனுக்குப் போனால் மயக்க டாக்டரிடமும் சொல்லவேண்டும்.

எண்ணெய் என்றால் மலைக்குப் போகலாம், ஆனால் அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு. அப்பிச்சிக்கு 4 மாசம் கழித்து எடுத்தார்கள். முதல் ஆபரேஷனுக்கு 65,000, எண்ணெய் எடுக்க 25,000. இந்த இரண்டாவது தொகையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டிலுமே சில நாள் குப்புறப் படுக்கவோ தலையைக் குனிந்து உட்காரவோ சொல்வார்கள். எத்தனை நாள், ஒருநாளைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்குங்கள். வயசான உடம்புக்கு இதுதான் ஆபரேஷனைவிடக் கஷ்டம். நாங்கள் கயித்துக் கட்டிலில் நெஞ்சுக்கு அடியில் ஒரு தலையணை, நெற்றிக்கு ஒரு சுருட்டின துண்டு வைத்தோம், முகம் அழுந்தாமல் மூச்சு விட இடம் இருந்தது. உட்காரும்போது மேஜையில் இரண்டு தலையணை போட்டு அதில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வார். அம்மிச்சி கீழே தரையில் உட்கார்ந்து, அவர் குனிந்தபடி பார்க்கிற இடத்தில் இருந்துகொண்டு, பால் சொசைட்டிக் கணக்கையும் கிடேரிக் கன்றின் கதையையும் பேசிக்கொண்டிருந்தார். அதனால்தான் 7 நாள் தாங்கினார். துணைக்கு ஒரு ஆள் லீவு போட்டுக்கொண்டு இருக்கவேண்டும், தனியாக விடவே முடியாது.

10. சொட்டு மருந்து, ஆபத்து அடையாளம்

ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் 5 நிமிஷம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். சோப்பு போட்டுக் கை கழுவி, கீழ் இமையை இழுத்து, பாட்டில் நுனி கண்ணில் படாமல் ஒரு சொட்டு. தினசரிக் காலண்டர் அட்டையின் பின்னால் மணி எழுதி ஒட்டினோம், விட்டதும் அம்மிச்சி கரித்துண்டால் ஒரு கோடு போடுவார். ஸ்டீராய்டு சேர்ந்த மருந்தை வாராவாரம் குறைக்கச் சொல்வார்கள். சீட்டு முடிந்தபின் மருந்துக் கடையில் அதே பாட்டிலை வாங்கி நீங்களாகத் தொடரவே கூடாது, கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

கண்ணைக் கசக்கக்கூடாது, தண்ணீர் படக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, அடுப்புப் புகை வேண்டாம். தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு மாசமாவது மாட்டுக் கட்டுத்தரைக்குப் போவதும், மருந்து அடிப்பதும், தேங்காய் உரிப்பதும் வேண்டாம். வீட்டுக்கு வந்து இரண்டாம் நாளே சாணி அள்ளப் போனவரைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்தோம்.

வலி கூடிக்கொண்டே போவது, சிவப்பு ஏறுவது, நேற்று இருந்த பார்வை இன்றைக்குக் குறைவது, சீழ். இதில் ஒன்று வந்தாலும், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியானாலும், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கு ஓடுங்கள். கண்ணுக்குள் கிருமி தொற்றினால் மணிக்கணக்கில் கெட்டுவிடும். ஆஸ்பத்திரியின் இரவு எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டிவையுங்கள்.

11. கண்ணாடியும் அப்புறமும்

4 முதல் 6 வாரம் கழித்துப் பவர் நிலைத்தபிறகு கண்ணாடி வாங்குங்கள், அவசரப்பட்டு வாங்கினால் இரண்டு செலவு. அதற்குள் நடுப்பார்வை வரவில்லை என்று அவர் சொன்னால் "கண்ணாடி போட்டா சரியாகும்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள், ஓ.சி.டி. கேளுங்கள்.

சில மாசமோ வருஷமோ கழித்துத் திரும்ப மங்கினால் புரை மறுபடி வளர்ந்தது என்று பயப்படவேண்டாம். லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற மெல்லிய உறை மங்குவது அது, யாக் லேசரில் சில நிமிஷத்தில் சரிசெய்கிறார்கள். ஆனால் அதையும் நீங்களே முடிவு செய்யாமல் விழித்திரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்காரர்களுக்கு வருஷம் ஒருமுறை கண் விரித்துப் பார்ப்பது ஆயுசுக்கும் உண்டு, ஏற்கனவே கெட்ட கண் என்றால் டாக்டர் சொல்கிற இடைவெளியில் இன்னும் சீக்கிரம்.

அப்பிச்சிக்கு வலது கண்ணில் 5 ஊசி ஆயிற்று. போன வாரம் நான் கேட்டைத் திறக்கும்போதே திண்ணையிலிருந்து, "என்ன கண்ணு, இளைச்சுட்டாப்புல இருக்கற" என்றார். ஆறாவது ஊசி வேண்டுமா என்று அடுத்த மாசம் 12ஆம் தேதி ஸ்கேன் பார்த்துச் சொல்வார்கள்.